எத்தனை கல் தூக்கம்

எங்கள் வீட்டு வாசலில் அழைப்பு மணிக்குப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சத்தம் வராது. உள்ளே போகும் ஒயரை நான்தான் காய் நறுக்கும் கத்தியால் அறுத்தேன். லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்த மகன் வந்து பார்த்துவிட்டுப் பதறினான்.

“ஏம்மா, கரன்ட் அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“சத்தம் போடாம செத்திருப்பேன். உன் பொண்டாட்டி தூங்கிட்டிருந்தாளே.”

சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டதும் நான்தான். டிக் டிக் என்று அது நாள் முழுக்க யாரையோ கண்டித்துக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தில் எனக்கு வாட்ச்மேன் பாட்டி என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். வாட்ச்மேன் ராத்திரி காவல் காப்பான். நான் பகலில் காக்கிறேன். சம்பளம்தான் இல்லை.

காவல் என் மருமகளின் தூக்கத்துக்கு. அவள் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக வேலை. இருபத்திரண்டு கட்டில் இருக்கிற வார்டு. ராத்திரியில் அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டே நர்ஸ். அங்கே அவளைப் பூனை சிஸ்டர் என்று கூப்பிடுவார்களாம். அவள் நடந்து போனால் ஒருத்தருக்கும் விழிப்புத் தட்டாது. கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் திறப்பாள், கீச்சிடக் கூடாதே என்று. இருபத்திரண்டு பேரைத் தூங்க வைத்துவிட்டு வருகிறவளுக்குத் தூக்கம் வராது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது” என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவன் பகலில் தூங்கிப் பார்த்ததில்லை. நித்திரை எல்லாச் சுகமும் அறியும். வெளிச்சம் வேண்டாம் என்னும், வெயில் வேண்டாம் என்னும், மேல்வீட்டுக்காரர் சுவரில் துளை போட வேண்டாம் என்னும். அவள் அறை ஜன்னலில் அட்டையை ஒட்டி, அதன்மேல் கறுப்புத் துணி தைத்துத் தொங்கவிட்டிருக்கிறோம். உள்ளே போனால் கிணற்றுக்குள் இறங்கியது போல இருக்கும். அப்போதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு முழித்திருப்பாள்.

நானும் ஆரம்பத்திலேயே நல்ல மாமியாராக இருந்துவிடவில்லை. அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டி, “அந்தப் பெரிய பாத்திரத்து மூடி எங்கே?” என்று கேட்டிருக்கிறேன். பகலில் படுக்கிற பெண்ணைப் பார்த்தால் அந்தக் காலத்து ஆளுக்குக் கை பரபரக்கும். பிறகு எனக்கே ஒருமுறை மூச்சுத் திணறி அவள் வார்டில் எட்டு நாள் கிடந்தேன். ராத்திரி மூன்று மணிக்கு நான் கண் திறந்தபோதெல்லாம் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு தடவைகூட அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் மூடி எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடிகாரம் இல்லாமல் நேரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முன்னறைத் தரையில் பெரிய பெரிய சதுரக் கல் பதித்திருக்கிறது. டைல்ஸ் என்கிறார்கள், எனக்குக் கல்தான். ஜன்னல் வெயில் காலையில் இந்தச் சுவரோரம் முதல் கல்லில் விழும். அப்படியே நகர்ந்து சாயங்காலத்துக்குள் அந்தச் சுவரோரம் போய்ச் சேரும். ஒரு கல்லைத் தாண்ட ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னப்பின்ன. ஒன்பது வயதுப் பேத்தி ஒரு லீவு நாளில் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்துச் சொன்னாள். மேகம் மூடினால் குத்துமதிப்புதான்.

மருமகள் எட்டரை மணிக்கு வருவாள். குளித்து, நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். போனை நான் துணி மூட்டைக்குள் புதைத்து வைப்பேன். அவள் படுப்பது பழைய இரும்புக் கட்டில், புரண்டால் முனகும். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து காய் நறுக்கியபடி காதைத் தீட்டி வைத்திருப்பேன். முனகல் எப்போது நிற்கிறதோ அப்போது தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். வெயில் எந்தக் கல்லில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். மறுபடி முனகினால் விழித்துவிட்டாள். நடுவில் எத்தனை கல்லோ அத்தனை கல் தூக்கம்.

எழுந்து வந்ததும் அவள் முதல் கேள்வி இதுதான்: “எத்தனை கல், அத்தை?”

அவளுக்கே தெரியாதா என்றால், தெரியாது. அரைகுறையாகத் தூங்குகிறவர்களுக்குத் தூங்கினோமா என்பதே சந்தேகம். எந்நேரம் எழுந்தோம் என்று போனைப் பார்த்தால் தெரியும், எந்நேரம் கண்ணயர்ந்தோம் என்று எந்தப் போனில் பார்ப்பது?

குளிர்பெட்டிக் கதவில் அவளுடைய டியூட்டி சீட்டு ஒட்டியிருக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் பேத்தி ஒவ்வொரு கட்டத்திலும் படம் போட்டுத் தருவாள். பகல் டியூட்டி என்றால் சூரியன், மத்தியானம் என்றால் அரைச் சூரியன், ராத்திரி என்றால் நிலா. இரண்டு சூரியன், ஒரு நிலா, ஒரு அரைச் சூரியன், மறுபடி ஒரு நிலா என்று போகும். வானத்தில் அப்படி நடந்தால் ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். அவள் சீட்டில் நடந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நிலாவுக்கு அடுத்த கட்டத்தில் நான் பேத்தியின் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவேன். ஒரு கல்லுக்கு ஒரு கோடு.

அந்தக் கோட்டில்தான் நான் பொய் சொன்னேன்.

கெட்ட எண்ணத்தில் இல்லை. ஒரு நாள் உள்ளதைச் சொன்னேன், “ஒரு கல்லுதான் கண்ணு” என்று. அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். “ஒண்ணா? இன்னிக்கு நைட்டு நான் எப்படி நிப்பேன் அத்தை?” என்றாள். வேலைக்குப் போவதற்கு முன்னாலேயே பாதி செத்துவிட்டாள். மறுநாளும் ஒரு கல்தான். நான் நாலு என்றேன்.

“நாலா? எனக்கு முழிச்சிக்கிட்டே இருந்த மாதிரி இருக்கே?”

“முழிச்சிக்கிட்டா? உன் குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்டுது. நாய் பயந்து ஓடிடுச்சு.”

சிரித்தாள். டீயைக் குடித்துவிட்டு, மகளுக்குத் தலை பின்னிவிட்டு, நிமிர்ந்து நடந்து போனாள். அவள் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கிறாள், நான் அவளுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சொன்னதெல்லாம் கொசுறு சேர்த்த கணக்கு. கோடும் அப்படியே.

போன மாதம் சீட்டில் வரிசையாக ஐந்து நிலா வந்தது. ஞாயிறு தொடங்கி வியாழன் வரை. ஐந்து பகலும் அவள் சரியாகத் தூங்கவில்லை. நான் ஐந்து பகலும் கை கூசாமல் கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை அவள் எழுந்து வந்து டீயைக் கையில் எடுத்தபோது துணி மூட்டைக்குள் போன் முனகியது. எடுத்துக் கொடுத்தேன். வார்டிலிருந்து. அவளோடு வேலை பார்க்கும் குட்டை சிஸ்டருக்குக் காய்ச்சல், இன்று ஒரு ராத்திரி மட்டும் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

மருமகள் போனைக் காதில் வைத்தபடியே குளிர்பெட்டியிடம் போனாள். அன்றைய கட்டத்தில் விரல் வைத்து எண்ணினாள். ஐந்து கோடு.

“அஞ்சு தூங்கியிருக்கேன். தாங்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போனில், “வரேன் சிஸ்டர்” என்றாள்.

நான் கரண்டியும் கையுமாக நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் இந்த ஒரு பொய் மட்டுமா வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அத்தனையும் வரும். “குடை எடுத்துக்கோ” என்று மட்டும் சொன்னேன். மழையே இல்லை.

சனிக்கிழமை அவள் வந்தபோது வெயில் இரண்டாம் கல்லைத் தொட்டுவிட்டது. செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படி ஓரத்துப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா?”

“அத்தை, இன்னிக்கு ஒருத்தரைக் கொன்னிருப்பேன்.”

பேத்தி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன். மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“விடிகாலை. பதினொண்ணாம் பெட்டுல இருக்கிறவர் சக்கரை நோய்க்காரர். அவருக்கு இன்சுலின். இந்த ஊசிக்கு ரெண்டு நர்ஸ் சேர்ந்து பார்க்கணும்னு விதி. இன்னொருத்தியைக் கீழே அவசரப் பிரிவுக்குக் கூப்பிட்டுட்டாங்க. சரின்னு நானே அளந்து எடுத்தேன். அளவு சரி, மருந்து சரி. போயி கையில கட்டியிருக்கிற பட்டையைப் பார்த்தேன். பேரைக்கூட வாய்விட்டுப் படிச்சேன் அத்தை. கண்ணு படிச்சுது, வாய் படிச்சுது, மனசு படிக்கல. ஊசியை நீட்டினேன். அவர் முழிச்சிக்கிட்டுக் கேக்குறார், ‘ஏம்மா சிஸ்டர், எனக்கு எப்போலேர்ந்து சக்கரை?’ன்னு.”

“யாரு?”

“பதினேழாம் பெட்டு. தையல்காரர். நான் நின்னுக்கிட்டிருந்தது அவர் பக்கத்துல. பதினொண்ணுலேர்ந்து பதினேழுக்கு எப்படி நடந்தேன்னே தெரியல.”

ஊசி இறங்கவில்லை. ஒரு நூல் இடைவெளியில் தப்பியது. தையல்காரர் ஏதோ வேடிக்கை போலச் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். வேறு யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் காற்றுக்குக்கூடத் தெரிந்திருக்காது. இவள் காலையில் தலைமை சிஸ்டர் வந்ததும் தானே போய்ச் சொல்லி, தானே எழுதியும் கொடுத்துவிட்டாள். அதற்குப் பரிசாக ஒரு ஃபாரத்தைக் கையில் கொடுத்து, மூன்று நாளில் விளக்கம் எழுதி, நர்ஸுகளுக்கெல்லாம் மேலான மேட்ரனிடம் தர வேண்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த மூன்று நாளும் அவளுக்கு டியூட்டி இல்லை. ராத்திரி, பகல் இரண்டும் கையில் இருந்தன. இரண்டிலும் தூங்கவில்லை. உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், யாருடைய கையோ போல. மகன் வழியிலிருந்து போன் பண்ணி, “கேட்டதை எழுதிக் கொடுத்துட்டு வரச் சொல்லும்மா, பெரிசு பண்ண வேணாம்” என்றான். அவன் சுபாவம் அது. எதிரே வண்டி வந்தால் இவன் ஒதுங்கிவிடுவான்.

மூன்றாம் நாள் சாயங்காலம். மேசையில் ஃபாரம். பேத்தி அதை எழுத்துக் கூட்டி எனக்காக உரக்கப் படித்தாள். “என்... கவனக்... குறைவால்... நேர்ந்த... இத்தவறுக்கு...”

“அதையே அச்சடிச்சு வச்சிருக்காங்களா?” என்றேன்.

“எல்லாருக்கும் அதேதான் அத்தை. கீழே கையெழுத்து மட்டும் போடணும்” என்றாள் மருமகள். பிறகு எழுந்து போய்க் குளிர்பெட்டியிலிருந்து டியூட்டி சீட்டைப் பிய்த்து எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

“மொதல்ல தூக்கம் இல்லாததாலதான் இப்படி ஆச்சுன்னு எழுதலாம்னு நெனைச்சேன். அப்புறம் உங்க கோட்டைக் கூட்டிப் பார்த்தேன். நாலு, அஞ்சு, நாலு, அஞ்சு, அஞ்சு. இருபத்திமூணு கல். பகல்ல இவ்வளவு தூங்குற நர்ஸு எங்க வார்டுலயே கிடையாது. இவ்வளவு தூங்கியும் எனக்குப் பதினொண்ணுக்கும் பதினேழுக்கும் வித்தியாசம் தெரியலன்னா, தூக்கத்து மேல பழி போட முடியுமா? எனக்கே ஏதோ கழண்டுடுச்சு அத்தை. இந்தக் கை இனிமே ஊசிக்கு லாயக்கில்ல.”

“என்ன பண்ணப் போறே?”

“கையெழுத்துப் போட்டுட்டு, கூடவே ராஜினாமாவும் குடுத்துடறேன்.”

பன்னிரண்டு வருஷத்தை அவள் சாயம் போன துணியை மடிப்பது போல மடித்து வைத்தாள். பயிருக்கு வேலியாக நின்றவள் நான். மேய்ந்ததும் நான்.

“அது இருபத்திமூணு இல்ல” என்றேன்.

“கூட்டிப் பாருங்க... பாப்பா, நீ கூட்டிச் சொல்லு.”

“கூட்டல் சரிதான். கோடுதான் தப்பு. பொய்க் கோடு.”

அவள் புரியாமல் பார்த்தாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். எழுத்துத் தெரிந்தவர்களுக்கு நாள் எண்ணாக இருக்கும். எனக்கு நாள் என்றால் அன்றைக்கு அவளை எழுப்பியது எதுவோ அது.

“திங்கக்கிழமை மூணு கல், உண்மையிலயே மூணு. செவ்வா மேல்வீட்டுல துளை போட்டாங்க. ரெண்டாம் கல்லோட போச்சு. புதன் பழைய இரும்பு வாங்குறவன் ஒலிபெருக்கி வச்சிக்கிட்டு வந்தான். நான் ஓடிப் போயி திட்டினேன், அதுக்குள்ள கட்டில் முனகிடுச்சு. அன்னிக்கு ஒண்ணு. வியாழன் ஒரு சத்தமும் இல்ல. கதவை இம்மி திறந்து பார்த்தேன். நீ மல்லாந்து கூரையைப் பார்த்துட்டிருந்தே. ரெண்டு. வெள்ளி ஒண்ணரை.”

“வெள்ளி அஞ்சுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“குறட்டைன்னு சொன்னீங்க.”

“உனக்குக் குறட்டையே வராதும்மா.”

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை. பேத்தி மட்டும் பக்கத்தில் விரல் மடக்கி, “ஒன்பதரை, பாட்டி” என்றாள்.

“அன்னிக்கு அந்தக் கோட்டைப் பார்த்துத்தானே வரேன்னு சொன்னேன்” என்றாள் மருமகள். “ஒண்ணரைன்னு தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டேன். தையல்காரர் முழிக்காம இருந்திருந்தா?”

“தெரியும்.”

“நல்லதுக்குன்னு சொல்லாதீங்க.”

“சொல்லல.”

“ஊரெல்லாம் என்னைப் பார்த்து, பகல்ல தூங்குறவளுக்கு என்ன கஷ்டம்னு கேக்கும். நீங்க ஒருத்தர்தான் அளந்து வச்சிருக்கீங்கன்னு நம்பினேன். நீங்களுமா அத்தை?”

மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வராது, வயது அப்படி, பிடிவாதமும் அப்படி. மேசைமேல் இருந்த ஃபாரத்தில் பேத்தி விரல் வைத்துப் படித்த அந்த வார்த்தையைத் தேடினேன். எனக்கு எல்லா வார்த்தையும் எறும்பு வரிசைதான். “பாப்பா, கவனக்குறைவு எங்கே இருக்கு?” அவள் காட்டினாள். நான் என் விரலை அதன்மேல் வைத்து அழுத்தினேன்.

“குறைஞ்சது கவனம் இல்லம்மா. தூக்கம். இந்த வார்த்தையை அடிச்சிட்டு அதை எழுது. ராஜினாமா எழுதுறதுன்னா என் பேர்ல எழுது, நான் வாட்ச்மேன் வேலையை விட்டுடறேன்.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்தாள்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். அவள் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் நின்றுவிடுகிற ஆளா நான்? மேட்ரன் அறை சின்னது. கண்ணாடி பதித்த மேசை, அதன்கீழ் ஏதேதோ அட்டவணைகள், மூலையில் தூசி படிந்த பிளாஸ்டிக் செடி. மேட்ரன் அம்மாவுக்கு ரிட்டயர் ஆகிற வயது. ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“அச்சடிச்ச வார்த்தையை அடிக்கக் கூடாதுன்னு தெரியாதாம்மா?”

“தெரியும் மேடம்” என்றாள் மருமகள்.

“தூக்கக்குறைவால்னு எழுதியிருக்கே. இப்படி ஒவ்வொருத்தரும் எழுத ஆரம்பிச்சா?”

“எழுதட்டும் மேடம். நான் செஞ்சது தப்புதான். அதை மறைக்கல, நானேதான் வந்து சொன்னேன். எதனாலன்னு கேட்டிருக்கீங்க. அதையும் சரியாத்தானே சொல்லணும்?”

“இவங்க யாரு?” என்று என்னைக் காட்டிக் கேட்டார் மேட்ரன்.

“சாட்சி” என்றேன் நானே.

உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். ஐந்து நாளையும் ஒப்பித்தேன். துளை மிஷின், இரும்புக்காரன், கூரையைப் பார்த்த கண். கூடவே என் பொய்யையும் சொன்னேன். அவள் ஆறாவது ராத்திரி வரச் சம்மதித்ததற்கு என் சிவப்புக் கோடுதான் காரணம் என்றும் சொன்னேன். மேட்ரன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“சரி பாட்டி. ஆனா டியூட்டி முடிச்சு வீட்டுக்குப் போயி நல்லா தூங்கிட்டு வர்றது நர்ஸோட பொறுப்பு. ஆஸ்பத்திரி வந்து தாலாட்ட முடியுமா?”

“பொறுப்புதாம்மா. நான் இல்லேங்கல. ஆனா தூக்கம் பொறுப்புக்குக் கட்டுப்படுமா? இப்போ காலை பத்து மணி. இதே நாற்காலியில, பொறுப்பா, ஒரு அரைக் கல் தூங்கிக் காட்டுங்க. நான் சத்தம் போடாம இருக்கேன்.”

“அத்தை!” என்று மருமகள் என் தோளைப் பிடித்தாள்.

மேட்ரன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்து, பை கட்டியிருந்தது.

“பதினாறு வருஷம் நைட் பார்த்திருக்கேன். இந்த நாற்காலிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, பகல் வேலைதான். இன்னிக்கும் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது பாட்டி. யாரோ பெல் அடிச்ச மாதிரி.”

ஃபாரத்தை அப்படியே, அடித்ததும் எழுதியதுமாக, கோப்பில் வைத்தார். எச்சரிக்கை என்று ஒரு கடிதம் வரத்தான் செய்யும், அதைத் தன்னால் நிறுத்த முடியாது என்றார். ஊசி போடும்போது இரண்டாவது நர்ஸை வேறு எங்கும் அனுப்பக் கூடாது என்று சொல்லி வைப்பதாகவும், ஐந்து ராத்திரிக்கு மேல் இவளை ஆறாவதுக்குக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

“இதையும் ஒரு காகிதத்துல எழுதிக் குடுப்பீங்களா?” என்று கேட்டேன்.

“இது வாய் வார்த்தைதான் பாட்டி.”

எழுத்துத் தெரியாத எனக்கே அது குறையாகப்பட்டது.

மருமகள் வேலையை விடவில்லை. தையல்காரர் வீட்டுக்குப் போகிற அன்று, “சக்கரை இல்லாத டீ ஒண்ணு குடுங்க சிஸ்டர்” என்று கேலி பண்ணினாராம். இவள் மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாளாம். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் கவனக்குறைவு என்றே இருந்தது. பேத்திதான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

வீட்டில் அவள் என்னிடம் பேசினாள், சாப்பாடு போட்டாள், மாத்திரை கொடுத்தாள். ஒன்று மட்டும் கேட்பதில்லை. எழுந்து வந்ததும் துணி மூட்டையிலிருந்து போனை எடுத்து மணியைப் பார்ப்பாள். எத்தனை கல் என்று கேட்கமாட்டாள். புதிய சீட்டில் என் பங்குக் கட்டங்கள் வெள்ளையாகவே கிடந்தன. நான் சிவப்புப் பென்சிலைத் தொடவில்லை. ஆனால் கதவுக்கு வெளியே உட்காருவதை நிறுத்தவில்லை. மேல்வீட்டுக்காரரிடம் போய், “துளை போடுறதுன்னா சாயங்காலம் போடு, இல்லாட்டி என் மண்டையில போடு” என்றேன். அவர் அன்றிலிருந்து என்னைக் கண்டால் படியில் ஒதுங்கிக்கொள்கிறார். முனகல் நிற்பதையும் மறுபடி வருவதையும் காது தானாகவே குறித்துக்கொண்டது. யாரும் கேட்காத கணக்கு.

போன வாரம் நான்காம் நிலாவுக்கு அடுத்த பகல். அவள் எழுந்து வந்தாள். கண் இரண்டும் செங்கல் நிறம். போன் மூட்டைக்குள்ளிருந்து முனகியது. எடுத்துப் பார்த்தாள். வார்டுதான். காதில் வைத்துக் கேட்டாள். இன்று போட்டிருக்கிற நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்னதாக வர முடியுமா, ஆள் குறைகிறது என்று கேட்கிறார்கள். அவள் குளிர்பெட்டியைப் பார்த்தாள். வெள்ளைக் கட்டம். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எத்தனை கல், அத்தை?”

அவள் முகத்தைப் பார்த்தேன். நாலு என்று சொல்ல நாக்கின் நுனி வரைக்கும் வந்தது, சத்தியமாக. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வரும்.

“ஒண்ணரை” என்றேன்.

அவள் உட்கார்ந்துவிடவில்லை. பொத்திய கையை எடுத்தாள்.

“இன்னிக்கு முடியாது சிஸ்டர். ஒண்ணரைக் கல்லுதான் தூங்கியிருக்கேன்... கல்லு சிஸ்டர், கல்லு. அது எங்க வீட்டுக் கணக்கு.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டாள். கட்டில் முனகியது. நான் போனை மூட்டைக்குள் புதைத்தேன். பென்சிலை எடுத்துக் கட்டத்தில் ஒரு கோடும் அதன் பக்கத்தில் அரைக் கோடும் போட்டேன். பிறகு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். அவளுக்குப் பதிலாக அந்த நாலு மணி நேரத்துக்கு வேறு ஒருத்தியைக் கூப்பிட்டிருப்பார்கள். அவள் அன்றைக்கு எத்தனை கல் தூங்கினாளோ, அவள் வீட்டில் அதை யார் பார்த்துச் சொன்னார்களோ.

வெயில் ஐந்தாம் கல்லைத் தாண்டி நகர்ந்தது. கட்டில் இன்னும் முனகிக்கொண்டிருந்தது.